கடல் கடந்த சொற்கள்

ஆங்கிலச் சொல்வளத்தின் பெரும்பகுதி இலத்தீன், பிரெஞ்சு முதலிய பிறமொழிகள் தந்தது. தமிழின் பங்கு சிறிது, எனினும் சுவையானது. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆயிற்று. நம் கட்டுமரம் மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. அதன் வழிவந்த ‘கேட்டமரான்’ என்னும் சொல்லோ இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.

ஒலி ஒத்தவை எல்லாம் உறவுடையன அல்ல. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ நம் ‘காசு’ என்பார் பலர். அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. மொழிப்பற்றால் இதனை மறைத்தல் தகாது. ஆனால், கீழைநாட்டுச் சிறுநாணயத்தைக் குறிக்கும் வேறொரு ‘கேஷ்’ ஆங்கிலத்தில் உண்டு. போர்த்துக்கீசியர் வாயிலாகச் சென்ற நம் காசு அதுவே. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்திற்காக 1803இல் வெளியிட்ட செப்புநாணயத்தில் அச்சொல்லைக் காணலாம்.