கப்பல் ஏறுமுன் கணக்கை முடியுங்கள்



இப்பொழுதெல்லாம் நம்மவர்கள் உல்லாசக் கப்பலில் போய் வருவது சகஜமாகிவிட்டது. கடையை மூன்று நாள் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலோ, கிள்ளான் துறைமுகத்திலோ, சிங்கப்பூர் மரீனா பே கப்பல் நிலையத்திலோ குடும்பத்தோடு ஏறி, புக்கெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நல்ல காரியம்தான். வருஷம் பூராவும் கல்லாவின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடற்காற்றும் வேண்டியதுதான்.

ஆனால், வரிப் பாக்கி, வழக்கு, ஜாமீன், திவால் என்று சட்ட சம்பந்தமான விஷயம் ஏதாவது தீராமல் நிற்கும்போது கப்பல் சீட்டு வாங்கினால் என்ன ஆகும் என்பதை நம்மில் அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் சட்டம் படித்தவனல்ல. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான் என் படிப்பு. ஆயினும் இந்த விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவன். எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேர வேண்டாம் என்ற எண்ணத்தால் இதை எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்தது

2012-ம் வருஷம் நானும் என் மச்சானும் சேர்ந்து பாத்திரக் கம்பெனி ஒன்று தொடங்கினோம். எனக்கு 30 சதவிகிதம் பங்கு. கொள்முதலை நான் பார்த்தேன். கணக்கை அவர் பார்த்தார். நாலு வருஷத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. 2016-ல் சரக்கை விற்றோம், வேலையாட்களின் சம்பளத்தைக் கொடுத்தோம், கதவைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தோம். கம்பெனி முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

கதவைப் பூட்டினால் கடைதான் மூடும், கம்பெனி மூடாது. இது எனக்கு அப்போது தெரியாது. கடைசி வருஷங்களின் வரிக் கணக்கை நாங்கள் கொடுக்கவில்லை. வரி மதிப்பீட்டு நோட்டீசுகள் பழைய விலாசத்துக்கே போய்க் கொண்டிருந்தன. அங்கே அப்போது வேறொருவர் கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தார்.

2019 கடைசியில், பள்ளி விடுமுறையில், புக்கெட் போகும் கப்பலுக்கு ஐந்து சீட்டு எடுத்தேன். என் அம்மா சின்ன வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலாக் கப்பலில் இந்த ஊருக்கு வந்தவர்கள். அதற்குப் பிறகு அவர்கள் கப்பல் ஏறியதே இல்லை. "இன்னொரு தடவை கடல் நடுவிலே நின்னு பாக்கணும்டா" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். பெட்டிகளைக் கப்பல்காரர்களிடம் கொடுத்தாயிற்று. குடிநுழைவு இலாகாவின் மேசையில் அம்மா போனார்கள், வீட்டார் போனார்கள், பிள்ளைகள் இருவரும் போனார்கள். என் கடப்பிதழை வாங்கிய அதிகாரி கணினியைப் பார்த்தார்; மறுபடியும் பார்த்தார். பிறகு மரியாதையாகவே ஒரு பக்கம் அழைத்துப் போய், வரிப் பாக்கிக்காக நான் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருக்கிறது என்றார். இப்போதே கட்டிவிடுகிறேன் என்றேன். பணம் வாங்குவது அவர் வேலையல்ல என்றார். வரி அலுவலகம் மூடும் நேரமாகிவிட்டது, இனித் திங்கட்கிழமைதான். கப்பலோ அன்று சாயங்காலமே கிளம்பிவிடும்.

"நீங்கள் போய் வாருங்கள்" என்று அம்மாவிடம் சொன்னேன். "உன்னை விட்டுட்டு எனக்கென்ன கப்பல்?" என்று அவர்கள் திரும்பிவிட்டார்கள். பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கி வாங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வாடகை வண்டியில் வீடு திரும்பும்போது ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அத்தா, நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?" அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. குற்றம் அதிகாரியுடையதல்ல, சட்டத்துடையதுமல்ல; முடிக்காமல் விட்ட என்னுடையதுதான்.

கப்பலைப் பற்றி நாம் செய்யும் தவறு

'ஏறிய இடத்திலேயே இறங்கப் போகிறோம். இது ஒரு சுற்றுலாத்தானே, வெளிநாட்டுப் பிரயாணமா?' என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இதுதான் முதல் தவறு. கப்பல் வேறொரு நாட்டுக் கரைக்குப் போகிறது என்றால் விமான நிலையத்தில் உள்ள அதே சோதனைதான் துறைமுகத்திலும். கணினி ஒன்றே, பெயர்ப் பட்டியலும் ஒன்றே. சிங்கப்பூரிலிருந்து எந்தக் கரையையும் தொடாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பலுக்கும் கடப்பிதழைக் காட்டித்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது, விமானம் தவறினால் மறுநாள் வேறொரு விமானம் உண்டு. கப்பல் தவறினால் அந்தப் பிரயாணமே போயிற்று. புறப்படும் நாளில் ஏறாமல் போனவருக்குக் கப்பல் கம்பெனிகள் பெரும்பாலும் பணத்தைத் திருப்புவதில்லை. சர்க்கார் தடையால் நின்ற பிரயாணத்துக்குக் காப்புறுதியும் சாதாரணமாகக் கைகொடுப்பதில்லை. ஐந்து சீட்டின் பணத்தில் ஒரு வெள்ளிகூட எனக்குத் திரும்பவில்லை.

எவையெவை தடுக்கும்?

1. வருமான வரி. மலேசியாவில் 1967-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 104-வது பிரிவுப்படி, வரி பாக்கி வைத்திருப்பவர் அதைக் கட்டாமல் நாட்டை விட்டுப் போகக்கூடும் என்று கருதினால் அவரைத் தடுக்கக் குடிநுழைவு இலாகாவுக்கு எழுதலாம். பாக்கியைக் கட்ட வேண்டும், அல்லது அதற்குத் தகுந்த பிணை கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்பதால் தடை செல்லாமல் போய்விடாது. மேல்முறையீடு செய்திருக்கிறேனே என்பதும் பதிலாகாது. முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஜெயித்தால் அது திரும்பி வரும்.

கம்பெனி வைத்திருப்பவர்கள் 75அ பிரிவைக் கவனிக்க வேண்டும். நிர்வாகத்தில் ஈடுபட்டு, 20 சதவிகிதத்துக்குக் குறையாத பங்கும் உடைய டைரக்டர், கம்பெனியின் வரிக்குத் தானும் பொறுப்பாளி. 'கணக்கு மச்சான் பார்த்தது, நான் கொள்முதல்தான் பார்த்தேன்' என்று நான் சொன்னது அங்கே எடுபடவில்லை.

2. ஊழியர் சேமநிதி. வேலையாட்களுக்குச் செலுத்த வேண்டிய சேமநிதிப் பணத்தைச் செலுத்தாத முதலாளியையும் கம்பெனி டைரக்டரையும் வெளியேற விடாமல் நிறுத்த 1991-ம் வருஷத்துச் சேமநிதிச் சட்டம் இடங்கொடுக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணத்தைச் செலுத்தாமல் கடைக்குச் சரக்கு வாங்கிப் போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

3. திவால். கோர்ட்டால் திவாலானவர் என்று தீர்க்கப்பட்டவர், திவால் இலாகாவின் தலைமை இயக்குநருடைய அனுமதியோ கோர்ட்டின் அனுமதியோ இல்லாமல் மலேசியாவை விட்டுப் போகக் கூடாது. இன்று ஒருவரைத் திவாலாக்க மனுப் போட வேண்டுமானால் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். இந்த அளவு 2021-ல் நிரந்தரமாக்கப்பட்டது.

இதில் ஜாமீன் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் திருத்திய சட்டப்படி, லாப நோக்கமின்றிப் பிறருடைய படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கான வாகனக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ கையெழுத்திட்டவரைத் திவாலாக்க முடியாது. மற்ற ஜாமீன்தாரர்மேல் போவதற்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். கடன் வாங்கியவரிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் முதலில் பார்த்திருக்கவும் வேண்டும். ஆனால் அண்ணன் தம்பியின் வியாபாரக் கடனுக்குப் போடும் கையெழுத்து இந்த முதல் வகையில் சேராது. நம்மவர்கள் அதிகமாகப் போடுவது அந்தக் கையெழுத்துத்தான்!

4. குற்ற வழக்கும் ஜாமீனும். வழக்கு முடியும்வரை கடப்பிதழைக் கோர்ட்டில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தால், வக்கீல் மூலம் மனுச் செய்து அனுமதி பெற்ற பிறகே பிரயாணத்தைப் பற்றிப் பேசலாம். அனுமதியின்றிப் போனால் போனவருக்கு மட்டுமா நஷ்டம்? ஜாமீன் நின்றவரின் பணமும் போகலாம்.

5. சம்மன். வாகன அபராதச் சீட்டு ஒன்று பாக்கி என்பதற்காகச் சாதாரணமாக யாரையும் துறைமுகத்தில் நிறுத்துவதில்லை. ஆனால் கோர்ட்டுக்கு வரச் சொன்ன தேதியில் போகாமலிருந்தால் வாரண்டு பிறக்கலாம். வாரண்டு வேறு, அபராதம் வேறு.

6. குடும்ப வழக்கு. பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்று கோர்ட்டு தடை விதித்திருந்தால், விடுமுறைக் கப்பலுக்கும் அந்தத் தடை பொருந்தும். நீங்கள் போகலாம், பிள்ளை போகக் கூடாது.

எவை தடுக்காது?

வீணாகப் பயப்படவும் வேண்டாம். மொத்த வியாபாரிக்குச் சரக்குப் பாக்கி, பாங்கில் தவணைப் பாக்கி என்பதால் மட்டும் துறைமுகத்தில் உங்கள் பெயர் வந்துவிடாது. கடன் கொடுத்தவர் நேரே குடிநுழைவு இலாகாவுக்கு எழுதித் தடுக்க முடியாது. அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆனால் கடனுக்குப் பயந்து ஓடிவிடும் எண்ணத்தோடு புறப்படுகிறார் என்று கோர்ட்டில் காட்டினால் அது வேறு கதை.

சிங்கப்பூர்ச் சகோதரர்களுக்கு

அங்கேயும் அடிப்படை இதுவே. திவாலிலிருந்து விடுபடாதவர் வெளிநாடு போவதற்கு முன் அரசாங்கத்தின் திவால் சொத்து அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். மீறினால் அதுவே ஒரு குற்றம். திவால் மனுவுக்கு அங்கே 15,000 சிங்கப்பூர் வெள்ளிக் கடனே போதும் என்பதையும் கவனியுங்கள். ஜாமீனில் இருப்பவர் அனுமதியின்றி வெளியேறக் கூடாது. வரிப் பாக்கிக்காகப் பிரயாணத் தடை ஆணை போடும் அதிகாரம் அந்நாட்டு வரி ஆணையத்துக்கும் உண்டு.

இரு நாட்டவருக்கும் பொதுவாக ஒன்று: கப்பல் தொடும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் சொந்தச் சட்டம் உண்டு. பினாங்கில் ஏறுபவருக்குச் சிங்கப்பூரில் ஒரு பழைய வழக்கு இருந்தால், அங்கே கப்பல் நிற்கும்போது அது அவரை வந்து பிடிக்கலாம்.

செய்ய வேண்டியது

முதலாவது, சீட்டு வாங்குமுன் விசாரியுங்கள். மலேசியக் குடிநுழைவு இலாகாவின் இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் தடை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு மாதம் முந்திப் பாருங்கள். புறப்படும் வாரத்தில் மறுபடியும் பாருங்கள்.

இரண்டாவது, தடை இருந்தால் அதைப் போட்ட இலாகாவிடம் போங்கள். குடிநுழைவு அதிகாரியிடம் மன்றாடிப் பயனில்லை. அவர் பிறர் சொன்னதை நிறைவேற்றுபவர்.

மூன்றாவது, பணம் கட்டியவுடன் தடை நீங்கிவிட்டதென்று நினைக்காதீர்கள். விடுவிப்புக் கடிதம் பெற்று, பெயர் நீங்கிவிட்டதா என்று மறுபடியும் பார்த்து, கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

நாலாவது, மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். நான் பாதியைக் கட்டி, மீதிக்கு மாதத் தவணை கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். ஒளிந்திருந்தபோது மலையாகத் தெரிந்த பாக்கி, நேரில் போய் உட்கார்ந்ததும் கட்டக்கூடியதாகத் தெரிந்தது.

ஐந்தாவது, கடையை மூடினால் கம்பெனியையும் முறைப்படி மூடுங்கள். கடைசிக் கணக்கைக் கொடுங்கள், புதிய விலாசத்தைத் தெரிவியுங்கள்.

கடைசியாக

ரஜூலா 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல். அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் ஊருக்குப் போனாலும் சரி, ஹஜ்ஜுக்குப் போனாலும் சரி, புறப்படுமுன் கடன்காரர்களைத் தேடிப் போய்க் கணக்குத் தீர்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லை என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. நமக்கு மூன்றே நாளில் திரும்பிவிடுவோம் என்ற தைரியம், அதனால்தான் அலட்சியம்.

என் பாக்கி 2020 தொடக்கத்தில் தீர்ந்தது, தடையும் நீங்கியது. உடனே கொரோனா வந்து கப்பல்கள் நின்றுவிட்டன. 2021-ல் அம்மா மௌத்தாகிவிட்டார்கள். பாத்திரக் கம்பெனியின் பாக்கி நாற்பதாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதைக் கட்டி முடித்துவிட்டேன். அம்மா இரண்டாம் முறை பார்க்க விரும்பிய கடலை எந்தத் தவணையிலும் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

மகளுக்கு இப்போது விவரம் தெரியும் வயது. அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்: "பெரிய தப்பு ஒன்றும் செய்யவில்லை, அம்மா. முடிக்க வேண்டியதை முடிக்காமல் விட்டேன்."

சகோதரர்களே, இந்த இதழை மூடி வைக்குமுன் உங்கள் மேசையின் அடி அறையைத் திறந்து பாருங்கள். பிரிக்காத கடித உறை ஒன்று அங்கே கிடக்கலாம். கப்பல் சீட்டுக்கு முன்னால் அதைப் பிரியுங்கள்.

வஸ்ஸலாம்.