கோல் நாட்டுக் காசு வாங்கப் போகிறீர்களா?

ரோமர்கள் கோல் என்று அழைத்த நிலம் இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் மற்றும் அவற்றின் சுற்றுப்பகுதி. அங்கு வாழ்ந்த கெல்ட் குடிகளின் காசுகளைத் தேடி வருகிறவர்கள் பலர் ரோமக் காசில் பழகியவர்கள். அந்தப் பழக்கம்தான் முதலில் காலை வாரிவிடும். ரோமக் காசு யாருடையது என்று தானே எழுதி வைத்திருக்கும். கெல்ட் காசுகள் பலவற்றில் ஓர் எழுத்துகூட இருக்காது.

செய்ய வேண்டியவை

• முதலில் எடை போடுங்கள், படத்தைப் பிறகு பார்க்கலாம். மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் வெளியிட்ட பொற்காசு சுமார் 8.6 கிராம். அதைப் பார்த்து அடித்த கோல் நாட்டுக் காசுகளில் காலப்போக்கில் எடையும் குறைந்தது, தங்கமும் குறைந்தது. பாரிஸ் நகருக்குப் பெயர் தந்த பரிசி குடியின் பொற்காசு ஏறத்தாழ 7 கிராம்தான்.

• குதிரையை விட்டுவிட்டு அதன் மேலும் கீழும் பாருங்கள். பிலிப்பின் காசில் இருந்த இரட்டைக் குதிரைத் தேர் இங்கே பெரும்பாலும் ஒற்றைக் குதிரையாகிவிட்டது. எந்தக் குடியின் காசு என்பதைச் சொல்வது சுற்றியுள்ள குறிகள்தான். பரிசி காசில் குதிரைக்கு மேலே வலை விரித்தாற்போல ஒன்று இருக்கும். வடமேற்குக் கரையின் கொரியோசொலித்தே குடியின் காசுகளை வகைபிரிக்க, குதிரையின் காலடியில் இருப்பது காட்டுப்பன்றியா, யாழா என்று பார்க்கிறார்கள்.

• துலூஸ் பக்கத்து வெள்ளிக் காசில் சிலுவை தெரிந்தால் கிறிஸ்துவத்தைத் தேடிப் போகாதீர்கள். ஸ்பெயின் கரையிலிருந்த ரோடே என்ற கிரேக்க ஊரின் காசில் இருந்த ரோஜாப்பூ, பார்த்துப் பார்த்து அடித்ததில் அப்படி ஆகிவிட்டது. நான்கு மூலைகளிலும் பிறை, கோடரி போன்றவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

• எழுத்து இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். கிரேக்க எழுத்தும் லத்தீன் எழுத்தும் கலந்து வரும். இரண்டு செங்குத்துக் கோடுகள் பல இடங்களில் 'எ' ஒலிக்கு நிற்கும். கி.மு. 54இல் கொல்லப்பட்ட கர்னூட் குடியின் அரசன் தஸ்கெதியுஸின் பெயர் வெண்கலக் காசில் அப்படித்தான் இருக்கிறது.

• ஆன்றி த லா தூரின் 1892ஆம் ஆண்டு கோல் காசு அட்லஸ் பழையதுதான். ஆனாலும் ஏலப் பட்டியல்களில் அதன் எண்ணைத்தான் இன்றும் காண்பீர்கள். கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• வார்ப்புத் தடம் தெரிந்ததுமே போலி என்று ஒதுக்காதீர்கள். தங்கத்திலும் வெள்ளியிலும் விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடோ, பரப்பில் காற்றுக்குமிழிக் குழிகளோ இருந்தால் சந்தேகப்படுவது நியாயம். அந்த உலோகக் காசுகள் அச்சுக் குத்தி அடித்தவை. செம்பும் வெள்ளீயமும் கலந்த 'போத்தின்' காசோ வார்ப்பச்சில் ஊற்றி வார்த்தது. ஒன்றோடொன்று ஒட்டிய வரிசையாக வார்த்துப் பிறகு உடைத்துப் பிரிப்பார்கள். விளிம்பில் துருத்தும் அந்த முனையைப் போலியின் அடையாளமாக எண்ணிக் கைவிட்டவர்கள் உண்டு.

• காசைத் துலக்கப் புளியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். பச்சைப் படலத்தோடு நுண்ணிய கோடுகளும் போய்விடும்.

• கோல் தலைவன் வெர்சிஞ்ஜெடோரிக்ஸ் பெயர் பொறித்த பொற்காசு மலிவாகக் கிடைக்கிறது என்றால் நகர்ந்துவிடுங்கள். உலகில் இருப்பவையே சில டஜன்களுக்குள்தான்.

• யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாத காசுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழைய ஏலச் சீட்டோ பில்லோ கேளுங்கள்.

• பிரான்ஸுக்குப் போகும்போது மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்காதீர்கள். தொல்பொருள் தேட அரசு அனுமதி வேண்டும். தற்செயலாகக் கிடைத்தாலும் உடனே ஊர் மேயரிடம் சொல்லியாக வேண்டும்.