பூனையின் ஹக்கும் அண்டை வீட்டாரின் ஹக்கும்

 

நம் மஹல்லாவில் பூனை இல்லாத தெரு இல்லை. பிள்ளைகள் ஆசையாகத் தூக்கி வந்த குட்டியும் உண்டு, காசு கொடுத்து வாங்கிய பெர்சியன் பூனையும் உண்டு. மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை. பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி, அது வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது என்ற கருத்தில் அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நாம் அறிவோம்.

ஆனால் நாம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்கிறோம். ஆகவே பூனை வளர்ப்பவர் மீது இரண்டு ஹக்குகள் சேர்கின்றன. ஒன்று அந்த வாயில்லா ஜீவனுடையது, மற்றது அண்டை வீட்டாருடையது.

முதலில் பூனையின் ஹக்கு. பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வேளைக்கு உணவும் தண்ணீரும் கொடுப்பதோடு, குட்டிக்கு 3 மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் போட்டு வர வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

குட்டிகளைக் கோணிப்பையில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவரும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. இது பாவம். வளர்த்த பிராணியைப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். பூனை ஆறு மாதத்திலேயே சினையாகிவிடும், சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம்தான். குட்டிகளைப் பராமரிக்க இயலாதவர்கள் கருத்தடை பற்றிக் கால்நடை மருத்துவரிடமும், அதன் மார்க்கச் சட்டம் பற்றி ஆலிம்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து அண்டை வீட்டாரின் ஹக்கு. பூனை சுத்தமான பிராணிதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அது வாய் வைத்த தண்ணீரின் சட்டம் வேறு. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ். பக்கத்து மாடியில் காயும் தொழுகை விரிப்பில் நம் பூனை சிறுநீர் கழித்தால், அந்த வீட்டுப் பெண்மணி மறுபடி துவைத்தாக வேண்டும். வீட்டு மூலையில் ஒரு தட்டில் மணல் நிரப்பி வைத்தால் பூனை விரைவில் பழகிக்கொள்ளும். மணலைத் தினமும் அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும். சாக்கடையில் கொட்டக் கூடாது. பூனை மலத்தின் மூலம் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி பரவிக் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஒருவர் வந்து முறையிட்டால், வாதம் பேசுவதற்கு முன் வாளியும் துணியும் எடுத்துச் சென்று சுத்தம் செய்து கொடுப்போம். பாதி மனத்தாங்கல் அங்கேயே தீரும். முறையிடுபவருக்கும் ஒரு வரம்பு உண்டு. வெந்நீர் ஊற்றுவதும், விஷம் வைப்பதும் ஹராம். விஷம் வைத்துப் பிராணியைக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. நம் பூனை பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கீறினாலோ கடித்தாலோ, சண்டை வருமே என்று மறைக்கக் கூடாது. வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கு நாமே அழைத்துச் செல்வோம். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். பூனைக்கு ஊசி போட்டிருக்கிறதா என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். மருத்துவர் குறித்துத் தரும் நாள்களில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது.

அண்டை வீட்டாரை வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய உறவு இது. வாயில்லா ஜீவனிடமும் அண்டை வீட்டாரிடமும் நம் பொறுப்பை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.