பட்டறைச் சத்தமும் பியானோவும்

கேள்வி: கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் பிற்கால இசையை இண்டஸ்ட்ரியல் ராக் என்று சொல்லலாமா?

பதில்: சில பாட்டுகளைச் சொல்லலாம், மொத்தமாகச் சொன்னால் அடிக்க வருவார்கள். 1996-ல் கிட்டார் கலைஞர் ஸ்லாஷ் விலகியபின், இண்டஸ்ட்ரியல் ராக் குழுவான நைன் இன்ச் நெயில்ஸின் மேடைகளில் கிட்டார் வாசித்த ராபின் ஃபின்க்கைச் சேர்த்துக்கொண்டார் பாடகர் ஆக்ஸல் ரோஸ். 1999-ல் 'எண்ட் ஆஃப் டேஸ்' படத்துக்காக வந்த 'ஓ மை காட்' கேளுங்கள்: இயந்திரத் தாளம், நசுங்கிய குரல், இரும்புப் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இரைச்சல். அது இண்டஸ்ட்ரியலேதான். ஆனால் 2008-ல் வெளியான 'சைனீஸ் டெமாக்ரஸி' ஆல்பத்தில் 'ஷாக்லர்ஸ் ரிவெஞ்ச்' போன்ற சிலவற்றில் மட்டுமே அந்த வாடை. 'திஸ் ஐ லவ்' வந்ததும் மனிதர் பழையபடி பியானோ முன் உட்கார்ந்து உருக ஆரம்பித்துவிடுகிறார். (எனக்குப் பிடித்ததும் அதுதான்!)