தையல் கடைக்கு ஒரு சாட்பாட்: வகுப்பறைச் செயல்பாடு

நிரல் எழுதத் தெரியாத மாணவரும் டயலாக்ஃப்ளோ போன்ற லோ-கோட் கருவியில் ஒரு கடைக்குச் சாட்பாட் அமைக்கலாம். தையல் கடையை எடுத்துக்கொள்வோம்.

செயல்பாடு 1: வாடிக்கையாளர் கேட்கக்கூடிய 5 கேள்விகளை மாணவர்கள் தாளில் எழுதட்டும். ஒவ்வொன்றையும் 10 விதமாகக் கேட்கச் சொல்லுங்கள். ‘சட்டை தைக்க எவ்வளவு?’, ‘தையல் கூலி என்ன?’ – சொற்கள் வேறு, நோக்கம் ஒன்று. கருவியில் இந்த நோக்கத்துக்கு ‘இன்டென்ட்’ என்று பெயர். மாணவர்கள் எழுதிய வாக்கியங்களே அதற்கான பயிற்சித் தொடர்கள்.

செயல்பாடு 2: புரியாத கேள்வி வந்தால் சொல்ல வேண்டிய ‘ஃபால்பேக்’ பதிலை எழுதட்டும். ‘புரியவில்லை’ என்பது மட்டும் போதாது. கடைக்காரரை அழைக்க வழியும் காட்ட வேண்டும்.

செயல்பாடு 3: ‘3 நாளில் கிடைக்கும்’ என்ற பதில் ஆடி மாதத்தில் சரியாக இருக்கலாம். தீபாவளி நெருங்கும்போது? கருவி தானாக மாற்றிக்கொள்ளாது. வாரம் ஒருமுறை, பதில் கிடைக்காத கேள்விகளைப் படித்துப் புதிய தொடர்களைச் சேர்ப்பதும், கூலியையும் நாளையும் சரிபார்ப்பதும் ஒரு மாணவரின் பொறுப்பாகட்டும்.

மதிப்பீடு: அடுத்த குழுவினர் கேள்வி கேட்கட்டும். எத்தனைக்குப் பதில் வந்தது என்பதோடு, தெரியாதபோது சாட்பாட் என்ன சொன்னது என்பதையும் பாருங்கள். தவறான பதிலை நம்பித் துணி கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.