ஞாயிறு ஒன்றுதான் லீவு: பனியன் கம்பெனித் தம்பதிகளுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

அவினாசி – திருப்பூர் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடக்கும்போது கல் கொத்தும் உளிச் சத்தமும் கேட்கும், ஓவர்லாக் மெஷின் சத்தமும் கேட்கும். கணவனும் மனைவியும் சேர்ந்தே பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகள் இங்கே நிறைய. காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் என்றால் வெளியே வர இரவு எட்டரை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. அந்த லீவும் துணி துவைப்பது, கறி எடுப்பது, தூங்குவது என்று தீர்ந்துபோகிறது. “ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி எத்தனையோ வாரமாச்சுங்க” என்று சொல்லும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். இந்தக் குறிப்புகள் அவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும்.

1. வாரத் துணியை ஞாயிறுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். புதன் இரவு பாதி, சனி இரவு பாதி என்று பிரித்துக்கொண்டால் ஞாயிறு காலை முழுதாகக் கைக்கு வரும். தோசை மாவையும் சனி இரவே ஆட்டிவிடலாம். யார் முதலில் வீடு வருகிறார்களோ அவர் அடுப்பைப் பற்றவைக்கட்டும். மற்றவர் துணியைப் பார்க்கட்டும். இருவருக்கும் ஒரே ஷிப்ட் என்றால் வீட்டு வேலையிலும் இருவருக்கும் பங்கு உண்டு. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. நம் பக்கத்து போர் தண்ணீர் சப்பைத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பருப்புக்கும் அரிசிம்பருப்பு சாதத்துக்கும் ஆற்றுத் தண்ணீரைத் தனிக் குடத்தில் எடுத்து வையுங்கள். துவைக்கச் சப்பைத் தண்ணீர்தான் என்றால், ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துவிட்டுப் பிறகு சோப்புப் பொடி போடுங்கள். பொடி குறைவாகவே செலவாகும், வெள்ளைத் துணியும் பழுப்பேறாது. குழாய் முனையில் படியும் வெள்ளை உப்புக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியை வைத்துக் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் போதும்.

3. புதுப் பனியனை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். சாயப்பட்டறையில் உப்புப் போடுவது, சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடாமல் நூலுக்கு ஏறுவதற்காக. அங்கே அதோடு சோடாவும் சூடும் சேரும். சாயம் ஏறி முடிந்த துணியை வாளி உப்பில் போட்டு ஒரு பலனும் இல்லை. அடர் நிறத் துணிகளை முதல் மூன்று முறை தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். உள்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். தோள்பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் பனியன் நீண்டுவிடும். கொடிமேல் இடுப்போடு மடித்துப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

4. துணியில் மெஷின் எண்ணெய் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. முகப் பவுடரையோ சாக்பீஸ் பொடியையோ தூவி, பத்து நிமிடம் கழித்துத் தட்டிவிடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து அலசுங்கள். கறை முழுதாகப் போகும்வரை அயர்ன் செய்ய வேண்டாம். சூடு பட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

5. இனி பொழுதுபோக்கு. பல தம்பதிகள் சறுக்குவது இங்கேதான். நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காருகிறவரிடம் போய் “வீட்டிலும் எம்பிராய்டரி செய்யுங்கள்” என்றால் அது பொழுதுபோக்கு ஆகாது. சம்பளமில்லாத இன்னொரு ஷிப்ட்தான். செய்யும் வேலைக்கு நேர்மாறானதைத் தேர்ந்தெடுங்கள். டைலருக்கு முதுகும் கண்ணும் ஓய்ந்திருக்கும். அவருக்குச் செடி வளர்ப்பு, கும்மி, நடை. செக்கிங்கில் கண்ணை நட்டு உட்காருகிறவருக்குப் பாட்டு, சமையல். பேக்கிங்கிலும் அயர்னிங்கிலும் நாள் முழுக்க நிற்கிறவருக்கு உட்கார்ந்து கையால் செய்யும் வேலை. இருவருக்கும் வெவ்வேறு வேலை என்றால், ஒரே பொழுதுபோக்கில் ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த குறிப்பு அப்படிப்பட்டதுதான்.

6. பழைய டி-ஷர்ட்டில் கால்மிதி. கடையில் வாங்குவதைவிட நீண்ட நாள் உழைக்கும், தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். சிங்கிள் ஜெர்சி துணியாகப் பார்த்து எடுங்கள். அதை வெட்டி இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். இன்டர்லாக் அப்படிச் சுருளாது, நாடாபோல் தட்டையாகவே நிற்கும்.

டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டி மேல்பாகத்தை எடுத்துவிடுங்கள். கீழ் மடிப்புத் தையலையும் நறுக்குங்கள். மிஞ்சுவது ஒரு குழாய். அதன் இடது ஓரத்தை எடுத்து வலது ஓரத்துக்கு இரண்டு அங்குலம் இப்பாலே நிற்கும்படி மடியுங்கள். மடித்த பக்கத்திலிருந்து ஓர் அங்குல அகலக் கீற்றுகளாக வெட்டிக்கொண்டே போங்கள். கத்தரி அந்தக் கடைசி இரண்டு அங்குலத்துக்குள் போகக் கூடாது. எல்லாம் வெட்டியதும், வெட்டாமல் விட்ட பகுதியைக் கைமேல் விரித்துப் பிடியுங்கள். இந்தப் பக்கத்து முதல் வெட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து இரண்டாம் வெட்டுக்குச் சாய்வாக நறுக்குங்கள். அப்படியே அடுத்ததிலிருந்து அதற்கடுத்ததற்கு. துண்டு விழாமல் ஒரே நீள நாடா வரும். இப்போது ஒருவர் நாடாவை இழுத்துவிட, இன்னொருவர் பந்தாகச் சுற்ற வேண்டும். தனியாளாகச் செய்தால் சிக்கல் விழும். இது இரண்டு பேர் வேலை.

உடம்புச் சுற்றளவு ஒரு மீட்டர், நீளம் 40 செ.மீ. உள்ள குழாயில் ஏறக்குறைய 16 மீட்டர் நாடா கிடைக்கும். மூன்று நிறத்தில் மூன்று டி-ஷர்ட் எடுத்தால் ஒரு கால்மிதிக்குச் சரியாக இருக்கும். மூன்று நாடாவையும் ஜடை பின்னி, வட்டமாகச் சுருட்டி, கோணி ஊசியால் ஓரத்தோடு ஓரம் தையுங்கள். தைக்கும்போது தரையில் படுக்கப்போட்டே தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைத்தால் நூல் இறுகி, நடுப்பகுதி குழிந்து கிண்ணம்போல் ஆகிவிடும். பின்னல் இறுக்கமாகவும் தையல் தளர்வாகவும் இருந்தால் கால்மிதி தட்டையாக உட்காரும்.

7. கட்டிங் வேஸ்ட்டை எடை போட்டு வாங்குவதானால், ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கால்மிதிக்கும் கைத்துடைப்புக்கும் பருத்திதான் வேண்டும்.

8. வீட்டுத் தையல் மெஷினில் பனியன் துணி தைத்தால் தையல் விட்டுப்போகிறது என்பார்கள். ஊசிதான் காரணம். முனை உருண்ட, பனியனுக்கென்றே விற்கிற ஊசி கேட்டு வாங்குங்கள். பாபின் பெட்டியில் சேரும் பஞ்சுத் தூசியைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். வாயால் ஊதினால் ஈரத்தோடு உள்ளே போய்ப் படியும்.

9. ஜோடியாகக் கற்றுக்கொள்ள இந்த மண்ணில் வள்ளிக் கும்மிக்கு மேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முருகனும் வள்ளியும் சேர்ந்த கதை. பாட்டு, தாளம், அடவு எல்லாம் ஒன்றாக வரும். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் வயது எண்பதைத் தாண்டியும் இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்தார். ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் பழக்கினார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்று கொங்கு ஊர்களில் மாலை நேரப் பயிற்சிகள் நடக்கின்றன. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்க்கும் உடம்புக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. முதல் வாரம் கெண்டைக்கால் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் போதும்.

10. பூண்டிச் சிற்பிகள் செதுக்கும் சாமி சிலைகள் வெளிமாநிலங்களுக்கும் வெளிநாட்டுக் கோயில்களுக்கும் போகின்றன. உள்ளூரில் இருக்கும் நாமோ பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்பதோடு சரி. ஒரு மாலை அனுமதி கேட்டுக்கொண்டு கூடத்தில் நின்று பாருங்கள். கரடுமுரடான கருங்கல் சிற்றுளியில் கன்னமாக, விரலாக மாறுவதை அரை மணி நேரம் பார்த்தாலே மனசு அடங்கும். கல்தூசி பறக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கல் என்றதும் ஒன்று, புதிதாக அம்மி வாங்கியவர்களுக்கு: கழுவிய உடனே அரைக்காதீர்கள். பச்சரிசியும் கல்லுப்பும் சேர்த்து அரைத்து வழித்துக் கொட்டுங்கள். விழுதில் சாம்பல் நிறமும் நறநறப்பும் இல்லாமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டுப் பிறகுதான் சமையலுக்கு.

11. பஸ் செலவோடு முடிகிற ஞாயிறுகள். முதலில் நம் திருமுருகநாதசுவாமி கோயில். சேரமான் பெருமாள் தந்த பொருளோடு வந்த சுந்தரரை, சிவனே பூதகணங்களை வேடுவர்களாக அனுப்பி வழிமறித்த தலம். வண்டியில் வந்து கும்பிட்டுவிட்டு ஓடாமல், பிரகாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து வாருங்கள். அடுத்தது ஊத்துக்குளி சாலைப் பக்கம் உள்ள நஞ்சராயன் குளம். சாயப்பட்டறை ஊர் என்று பெயர் வாங்கிய திருப்பூருக்குள் இப்படி ஒரு நீர்ப்பரப்பு இருக்கிறது. பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்ட்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். காலை ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம். கத்துகிற சட்டை நிறமும் போன் பாட்டும் வேண்டாம். பார்த்த பறவையை வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் ஒருவர் வரைய, ஒருவர் நிறம் தீட்டினால் ஆண்டு முடிவில் அது உங்கள் இருவருடைய புத்தகம்.

12. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்ததும் ஆளுக்கு நூறு ரூபாய் தனி உறையில். வாரம் 200 என்றால் 26 வாரத்தில் 5,200 ரூபாய். இரண்டு நாள் வெளியூருக்கு இது தாராளம். எவ்வளவு அவசரம் வந்தாலும் சீட்டுப் பணம் கட்ட இந்த உறையைத் தொடாதீர்கள்.

13. அந்த இரண்டு நாளுக்கு உதகையைச் சொல்வேன், அதுவும் மலை ரயிலில். அவினாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்விடலாம். காலை 7.10-க்கு ரயில், 46 கிலோமீட்டரை ஏறி நண்பகல்வாக்கில்தான் உதகை சேரும். கல்லாறுக்கு மேல் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்சக்கரம் பிடித்துப் பிடித்து ஏறுவதால்தான் இந்த நிதானம். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. வாரமெல்லாம் மணியடித்தால் உட்கார்ந்து, மணியடித்தால் எழுகிற நமக்கு அந்த ஐந்து மணி நேர நிதானமே பெரிய சுகம். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது உண்டு, அந்த மாதங்களைத் தவிருங்கள். மே மாதக் கூட்டமும் வேண்டாம். ஆர்டர் மந்தமாக இருக்கும் வாரமாகப் பார்த்து நடு வாரத்தில் லீவு கேளுங்கள். ரூம் வாடகையும் குறையும்.

14. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியிருப்பவர்களுக்குத் தீபாவளி லீவு முழுக்கச் சொந்த ஊருக்கே போய்விடும். அது நியாயம்தான். திரும்பும்போது மட்டும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பி, பழனியிலோ சிறுமலையிலோ இருவரும் ஓர் இரவு தங்குங்கள். உறவுக்காரர் வீட்டில் தனியாகப் பேச முடியாமல் போன எல்லாவற்றையும் அங்கே பேசிவிடலாம்.

15. வழிக்குப் புளிச்சோறு கட்டினால் நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, சோற்றை நன்றாக ஆறவைத்துப் பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கெட்டுவிடும். தேங்காய் சேர்த்த எதையும் மதியத்துக்குமேல் நம்ப வேண்டாம்.

16. கிளம்புவதற்கு முந்தின நாளே லைன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாளும் கம்பெனி போனை எடுப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. மலை ரயிலில் இடங்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் நாட்காட்டியை எடுத்து, இருவரும் சேர்ந்து ஒரு தேதியில் வட்டம் போடுங்கள்.