ஒரே ரூம் வீட்டில் குப்பையைப் பிரிப்பது எப்படி?

"ஒரே ரூம் வீடு. இதுல ரெண்டு கூடை வைக்க எங்க இடம் இருக்கு?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ரெண்டு கூடை வேண்டாம். மூடி போட்ட ஒரு வாளியும், கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிய பழைய அரிசிப் பையும் போதும்.

வாளியில் மக்கும் குப்பை: காய்கறித் தோல், மிச்சச் சோறு, டீத்தூள், மீன் செதில். தண்ணீரை வடிச்சிட்டுப் போடுங்க. நாற்றமும் புழுவும் பெரும்பாலும் ஈரத்தால்தான். பையில் மக்காத குப்பை. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். குழம்பு பட்ட அட்டையை யாரும் தொட மாட்டார்கள்.

பேட்டரி, டியூப்லைட், ஊசி ஆகியவை அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை மூன்றாவது வகையாகத் தனியே தரச் சொல்லியிருந்தன. நாப்கின், உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். விதி இருக்கட்டும், சொல்லாமல் கலந்து போட்ட கண்ணாடி கிழிப்பது அவருடைய விரலை.

பிரிக்காத குப்பை கிடங்குக்குப் போகும். குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை உண்டாக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தது. அந்தப் புகை முதலில் போவது கிடங்கை ஒட்டிய வீடுகளுக்குத்தான்.

நாலு வீடு சேர்ந்தால் உரமும் போடலாம். ஓட்டை போட்ட பழைய டிரம்மில் ஒரு அடுக்கு மக்கும் குப்பை, மேலே காய்ந்த இலை. வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாறினால் இலையைக் கூட்டுங்கள்.

குப்பை வண்டி வரலையா? சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913-க்கு அழையுங்கள். புகார் எண்ணை மறக்காம குறிச்சு வெச்சுக்கோங்க.